சாக்பீஸ் பெர்த்

ஏற்காடு போய்விட்டு வரலாமே என்கிறார் மாடிவீட்டு ரெஜினா.
துணி உலர்த்தும்போது
மலை கொடிக்கயிற்றுக்கு அந்தப்பக்கம்தான் நிற்கிறது, உண்மை.
ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவு.
போன மே மாதம் ஏழாவதில் கபிலன்,
பன்னிரண்டாவதில் தாரகை,
பதினான்காவதில், இருவரையும் துடைத்த நான்.
ரயில் வளைவதே தெரியாமல் வளையும்.
அதனால் ரயில்.
படகு உள்ள ஊராக வேண்டும் என்றார்கள்,
அதனால் எர்ணாகுளம்.

கரண்ட் பில்லின் முதுகில் எழுதத் தொடங்கினேன்.
முதலில் பதினோரு இடங்கள்.
கபிலன் மதியம் தூங்குவான் என்று ஞாபகம் வந்ததும் ஏழு.
தூங்கி எழுந்தால் நடக்கமாட்டான், தூக்கச் சொல்வான் என்றதும் நான்கு.
இப்போது மிச்சம்
ஒரு படகு, ஒரு மெட்ரோ,
வெயில் இறங்கியபின் ஏதாவது ஒரு தண்ணீர் ஓரம்.
இரண்டு நாளுக்குத் தாராளம்.
சுகவனம் தன் பங்குக்குக் கேட்டது இது:
ஒரே ஒரு வேளையாவது
நாம் இருவரும் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து
சோறு ஆறுவதற்குள் சாப்பிட வேண்டும்.
எழுதிக்கொண்டேன்.
பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டேன்.

தாரகைக்கு ஐந்து முடிந்து பதினோரு நாள்.
பன்னிரண்டு நாள் முன்னால் கிளம்பியிருந்தால் இலவசம்.
நாலரை என்று சொல், யார் கேட்கப்போகிறார்கள் என்றான்.
யாரும் கேட்க வேண்டியதில்லை, அவளே சொல்வாள்.
சிலிண்டர் போடுபவரிடம் சொன்னாள்.
பல் டாக்டரிடம் வாயைத் திறந்தபடியே சொன்னாள்.
ஐந்து ரோடு சிக்னலில் பக்கத்து வண்டிக்காரரின்
ஹெல்மெட்டைத் தட்டிச் சொன்னாள்,
எனக்கு அஞ்சு ஆயிடுச்சு.
டி.டி.ஆரிடம் மட்டும் சொல்லாமல் விடுவாளா.
அரை டிக்கெட் எடுத்தோம்.
அரை டிக்கெட்டுக்குப் படுக்கை இல்லை.
அரை ஆள் எங்கே படுப்பாள் என்பதற்கு
செயலியில் கட்டம் எதுவும் இல்லை.

ஆக இரண்டு பெர்த், நான்கு பேர்.
அந்த இரண்டும்கூட
காத்திருப்பில் ஒன்பது, பத்து.

இஞ்ச் டேப் பிடித்து ஹாலில் சாக்பீஸால் வரைந்தேன்.
ஆறடி நீளம், இரண்டடி அகலம்.
தாரகை தலை கிழக்கே, கபிலன் தலை மேற்கே,
நடுவில் நாலு கால்களும் சண்டை போட,
விளிம்பில் நான், ஒருக்களித்து, வயிற்றை எக்கி.
இடம் போதும்.
போதும் என்றால், என் முழங்கை நடைபாதையில்.

ஒத்திகை ஒரு ராத்திரிக்குத்தான் என்றேன்.
நான்கு நாளாகக் கட்டில் காலி.
கோட்டுக்கு வெளியே இருக்கிற தண்ணீர்ச் சொம்பை
ஸ்டேஷன் வரட்டும் என்று எடுக்கவிடுவதில்லை கபிலன்.
டி.வி. ஸ்டாண்டின் கண்ணாடிக் கதவுதான் ஜன்னலாம்.
அதில் பாலக்காடு போகிறதாம்,
மாடு தெரிகிறதாம்.

ஆளுக்கு மூன்று செட் துணி. ஈரம் துடைக்கப் பழைய வேட்டி.
தயிர் சாதம். உப்பு பிஸ்கட்.
தட்டுவடை செட் கேட்கிறார்கள், அது முடியாது,
ஜங்ஷன் போவதற்குள் நமுத்துவிடும்,
கடை வாசலில் நின்றே தின்றுவிட்டு ஏற வேண்டியதுதான்.

பில்லில் எழுதாத ஒன்று இருக்கிறது.
விடுதி அறையில் மூவரும் தூங்கியபின்
நாற்காலியைச் சத்தமில்லாமல் ஜன்னலுக்கு நகர்த்தி
என்னை அம்மா என்றோ மிஸ் என்றோ கூப்பிடத் தெரியாத
ஒரு தெருவை
அரைமணி நேரம் பார்க்க வேண்டும்.
இதற்குக் கேள்விக்குறி போடவில்லை.

சூரமங்கலம் பக்கம் சரக்கு வண்டி ஊதுகிறது.
இரண்டாம் ஷிப்ட் முடிந்து வந்த சுகவனம்
செருப்பைக் கழற்றிவிட்டுக் கோட்டருகே நிற்கிறான்.
எவ்வளவில் நிற்குது?
ஆறு, ஏழு.
நடு பெர்த் தொங்கவேண்டிய உயரத்தைக்
கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு
வெறுந்தரையில் நீட்டிப் படுத்தான்.
தூக்கத்தில் கபிலன் கோட்டைத் தாண்டி
ஒரு காலை அவன்மேல் போட்டான்.

நாளை வீடு துடைக்கும்போது
இந்த இடத்தை விட்டுவிட்டுத் துடைக்க வேண்டும்.